புள்ளி விழுந்தா போதுங்களா?

இப்பெல்லாம் எங்க பக்கத்துல காட்டுப்பன்னி சுட ஆள் வந்தா, ஜனங்க முதல்ல கேட்கிற கேள்வி "லேசர் இருக்குதுங்களா?" என்பதுதான். தோட்டக்காரர் கேட்கிறார், டீக்கடையில உட்கார்ந்திருக்கிறவர் கேட்கிறார், துப்பாக்கியைக் கையில தொட்டே பார்க்காத பையன்களும் கேட்கிறாங்க. இருக்குன்னு சொல்லிட்டா எல்லாருக்கும் ஒரு நிம்மதி. பச்சையோ சிவப்போ ஒரு புள்ளி போய் பன்னி மேல உட்காரும், விசையை அழுத்தினா பன்னி விழும், விடிஞ்சா கடலைக்காடு பத்திரம். இதுதான் நினைப்பு.

நான் துப்பாக்கிக்காரன் இல்லீங்க. லைசன்ஸும் கிடையாது. ஆனா மூணு வருஷமா எங்க தோட்டத்துக்கும் சுத்துப்பட்டுத் தோட்டங்களுக்கும் ஷூட்டர்கள் வர்றப்ப, வழி காட்டவும் டார்ச் அடிக்கவும் கூடப் போறவன் நான்தான். எந்த வரப்பு எங்க முடியுது, எந்தக் கிணத்துக்குச் சுவர் இல்ல, யார் வீட்டு மாடு எங்க கட்டியிருக்கும்னு தெரிஞ்ச ஆள் ஒருத்தர் கூட இருக்கணுமில்லையா? அப்படிப் போய்ப் போய்ப் பார்த்ததையும், வழக்கமா வர்ற ஷூட்டர் அண்ணன்கிட்ட கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டதையும் இங்க எழுதறேன். அவர் முப்பது வருஷமா துப்பாக்கி வச்சிருக்கிறவர். அதிகம் பேச மாட்டார். பேசினா அதுல விஷயம் இருக்கும்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஊரைப் பத்தி ரெண்டு வரி. நாங்க இருக்கிறது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுக்காவோட கிழக்குக் கோடி. கேரளாதான், ஆனா வீட்ல பேசறது தமிழ். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், பேச்சும் பயிரும் பொள்ளாச்சிப் பக்கம் மாதிரியேதான் இருக்கும். தென்னை, கடலை, குச்சிக்கிழங்கு, வாழை, வாய்க்கால் தண்ணி எட்டுற இடத்துல நெல்லு. கள்ளுக்கும் பேர் போன தாலுக்கா இது. விடியறதுக்கு முன்னாலயே கள்ளு இறக்கறவங்க தோப்புக்குள்ள நடமாட ஆரம்பிச்சிருவாங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால வரும்.

பன்னிக் கூட்டம் ஒரு ராத்திரி கடலைக்காட்டுல இறங்கினா ஏர் ஓட்டின மாதிரி ஆக்கிட்டுப் போயிரும். தின்னுறது கொஞ்சம்தாங்க. மூக்கால கிளறிச் சாய்ச்சதும், மிதிச்சதும்தான் அதிகம். குச்சிக்கிழங்குல வேரோட தோண்டி ஒரு கடி கடிச்சுட்டு அடுத்த செடிக்குப் போகும். நாங்க செய்யாத வேலை இல்ல. காட்டைச் சுத்திப் பழைய சேலை கட்டினோம், சலூன்ல இருந்து முடி வாங்கிட்டு வந்து தூவினோம், டின் தட்டினோம், பட்டாசு வெடிச்சோம், ராத்திரி பூரா ரேடியோ பாட விட்டோம். ஒரு வாரம் பயப்படும். எட்டாவது நாள் ரேடியோவுக்குப் பக்கத்துலயே வந்து கிளறும்.

1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்னியை நம்ம இஷ்டத்துக்குச் சுட முடியாது. 2022 மே மாசம் கேரள அரசு ஒரு முடிவு எடுத்தது. பயிரை அழிக்கிற பன்னியைச் சுட உத்தரவு குடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவர் கைக்கு வந்தது. நாம மனு குடுக்கணும், லைசன்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிறவங்க வந்து சுடுவாங்க. விஷம், வெடி, கரண்ட் மூணும் கூடவே கூடாது. சுட்ட பன்னியைப் புதைச்சிரணும், கறி எடுக்கக் கூடாது. எல்லை தாண்டித் தமிழ்நாட்டுல வழி வேற. 2025 ஜனவரியில அங்க சொன்ன கணக்குப்படி, காட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள சுடக் கூடாது, 1-லிருந்து 3 கிலோமீட்டர் வரைக்கும் பிடிச்சுக் காட்டுல விடணும், 3 கிலோமீட்டருக்கு அப்பால வந்தா வனத்துறை ஆட்களே சுடுவாங்க. பொள்ளாச்சிப் பக்கத்துல இருக்கிற என் மச்சான் இதை வச்சு என்கூட அடிக்கடி வாதம் பண்ணுவார். எது நல்லதுன்னு இன்னொரு நாள் பேசிக்கலாம்.

எங்க பக்கத்துல இன்னொரு கூத்தும் உண்டு. எலெக்‌ஷன் அறிவிச்சா லைசன்ஸ் துப்பாக்கியை எல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கச் சொல்லிருவாங்க. பன்னிக்கு ஓட்டு இல்ல, ஆனா எலெக்‌ஷன்ல லாபம் அதுக்குத்தான்.

இப்ப லேசருக்கு வருவோம்.

பன்னி வர்றது ராத்திரியில. எங்களுக்குச் சுட வர்றவங்க கையில இருக்கிறது பெரும்பாலும் 12 போர் ரெட்டைக்குழல். அதோட குழல் நுனியில அரிசி அளவுக்கு ஒரு மணி இருக்கும். பகல்ல அந்த மணியையும் பன்னியையும் ஒரே கோட்டுல வச்சுக் குறி பார்க்கலாம். ராத்திரியில மணியே தெரியாது. டார்ச் அடிச்சா பன்னி தெரியும், மணி இருட்டுலயே நிக்கும். இதுல வயசும் சேர்ந்துக்கும். நாற்பத்தஞ்சு தாண்டின கண்ணுக்குக் கிட்ட இருக்கிற மணியும் தூரத்துல இருக்கிற பன்னியும் ஒரே சமயத்துல தெளிவாத் தெரியாது. நம்ம ஷூட்டர்கள்ல பாதிப் பேர் அந்த வயசைத் தாண்டினவங்கதான்.

லேசர் உதவறது இந்த இடத்துலதான். கிட்ட இருக்கிற மணியைப் பார்க்க வேண்டியதில்ல, தூரத்துல விழுற புள்ளியை மட்டும் பார்த்தாப் போதும். எனக்குத் தெரிஞ்ச இன்னொரு நன்மையும் இருக்கு. டார்ச் அடிக்கிறவனுக்கும் துப்பாக்கி எந்தப் பக்கம் பார்த்துட்டு இருக்குன்னு தெரியும். புள்ளி என் கால் பக்கம் வந்தா நான் உடனே குரல் குடுக்கலாம். லேசர் இல்லாத துப்பாக்கி இருட்டுல எங்க திரும்புதுன்னு பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியாதுங்க.

1984-ல வந்த டெர்மினேட்டர் படத்தைப் பார்த்தவங்களுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி ஞாபகம் இருக்கும். புள்ளி விழுந்தா ஆள் காலி. நம்ம ஆட்கள் மனசுல இருக்கிற லேசர் அந்தப் படத்து லேசர்தான். நிஜத்துல அது துப்பாக்கிக்கு அடியில கிளிப் போட்டு மாட்டின ஒரு சின்ன விளக்கு, அவ்வளவுதான். குண்டு குழல் வழியாப் போகுது, ஒளி அந்த விளக்கு வழியாப் போகுது. ரெண்டும் வேற வேற பாதை. ஒரு குறிப்பிட்ட தூரத்துல ரெண்டும் சந்திக்கிற மாதிரி திருகாணியைத் திருகி வைப்பாங்க. அந்தத் திருகாணி அசையாம இருக்கிற வரைக்கும்தான் புள்ளிக்கும் குண்டுக்கும் சம்பந்தம்.

12 போர் ஒரு தடவை வெடிச்சா தோள்பட்டையில என்ன அடி விழும்னு சுட்டவங்களைக் கேளுங்க. அதே அடி அந்த லேசருக்கும் விழுது. ஆன்லைன்ல ஆயிரம் ரூபாய்க்குள்ள வாங்கறது பலதும் ஏர்கன் அளவுக்குச் செஞ்சது. நாலு வெடி வெடிச்சா கிளிப் தளரும். ஷூட்டர் அண்ணன் ஒரு நாள் டீக்கடை மேஜையில தீப்பெட்டியை வச்சுக் கணக்குப் போட்டுக் காட்டினார். லேசர் குழாய் 10 சென்டிமீட்டர் நீளம்னு வச்சுக்குங்க. அதோட ஒரு முனை 1 மில்லிமீட்டர் நகர்ந்தா, 30 மீட்டர் தூரத்துல புள்ளி 30 சென்டிமீட்டர் தள்ளிப் போயிரும். பன்னியோட நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தூரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். புள்ளி நெஞ்சுல நிக்கும், குண்டு வயித்துல போகும். வயித்துல பட்ட பன்னி விழாது. ரத்தம் ஒழுக ஒழுக ஏதாவது புதருக்குள்ள போய்ப் படுத்துக்கும். காலையில புல்லறுக்கப் போற பொம்பளைங்க அது மேல போய் நின்னா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

தூரத்துலயும் புள்ளி ஏமாத்தும். லேசர் புள்ளி இருட்டுல நூறு மீட்டர் தாண்டியும் போய் விழும். தெளிவா, கையெட்டுற இடத்துல இருக்கிற மாதிரியே தெரியும். ஆனா ரெட்டைக்குழல்ல போடற எஸ்.ஜி., எல்.ஜி. தோட்டாக்கள்ல இருக்கிறது ஒத்தைக் குண்டு இல்ல, சில பெரிய ஈயக் குண்டுகள். வெளிய வந்ததும் விரிய ஆரம்பிச்சிரும். துப்பாக்கிக்காரங்க ஒரு கைக்கணக்கு சொல்லுவாங்க, கஜத்துக்கு ஒரு இன்ச் விரியும்னு. 30 கஜத்துல 30 இன்ச். அதாவது நம்ம முறத்தை விடப் பெருசு. புள்ளி மிளகு அளவு, குண்டு விழுற இடமோ முறத்து அளவு. அதனால அண்ணன் 30, 35 மீட்டருக்கு மேல பன்னி நின்னா துப்பாக்கியை எடுக்கவே மாட்டார். "புள்ளி போற தூரம் வேற, துப்பாக்கி போற தூரம் வேற"ன்னு சொல்லுவார்.

கையும் ஆடும். மணியை வச்சுக் குறி பார்க்கிறப்பவும் கை ஆடத்தான் செய்யும், ஆனா அது நமக்குத் தெரியாது. லேசர்ல அந்த ஆட்டம் பன்னி முதுகு மேலயே தெரியும். புதுசா லேசர் மாட்டினவங்க புள்ளி சரியான இடத்துக்கு வர்ற அந்த ஒரு நொடியைப் பிடிக்கணும்னு விசையைப் படக்குனு இழுப்பாங்க. குழல் கீழே போகும். அதைவிட மோசம், புள்ளியைப் பார்க்கிற ஆசையில கட்டையில கன்னத்தை வைக்காம தலையைத் தூக்கிக்கிட்டே சுடறது. ஒருத்தருக்கு அப்படித் தாடை வீங்கிப் போனதைப் பார்த்திருக்கேன்.

சிவப்பா பச்சையான்னு கேட்பாங்க. மனுசக் கண்ணுக்குப் பச்சை நல்லாத் தெரியும். இருட்டுக்குப் பழகின கண்ணு சிவப்பை ரொம்ப மங்கலாத்தான் பார்க்கும். பன்னிக்கும் சிவப்பு சரியாத் தெரியாது, பச்சை தெரியும். ஆனா பன்னி நம்மளைக் கண்டுபிடிக்கிறது கண்ணால இல்லீங்க, மூக்காலயும் காதாலயும்தான். காத்து நம்ம பக்கமிருந்து அது பக்கம் வீசினா எந்தக் கலர் லேசர் வச்சிருந்தும் பிரயோஜனமில்ல. பாலக்காட்டுக் கணவாய்க் காத்தைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்ல, பனிக்காலத்துல கிழக்கே இருந்து ஆளைத் தள்ளும். அந்தக் காத்துல புழுதி பறக்கிறப்பவும், பனி இறங்கறப்பவும் பச்சை லேசர் புள்ளியா மட்டும் தெரியாது, கயிறு கட்டின மாதிரி கோடாத் தெரியும். அது போய் முடியற இடம் சில சமயம் கண்ணுக்கே தெரியாது. இன்னொண்ணு. மலிவான பச்சை லேசர்கள் சிலது மேல ஒட்டின சீட்டுல போட்டதை விட அதிக சக்தியில வருது. குழந்தைங்க கையில விளையாடக் குடுக்காதீங்க, ரோட்டுல போற வண்டி மேல அடிக்காதீங்க. கண்ணுல நேரா விழுந்தா பார்வை போயிரும்.

இதெல்லாம் கருவியைப் பத்தின விஷயம். நான் உண்மையில சொல்ல வந்தது வேற.

ராத்திரி காட்டுக்குள்ள டார்ச் அடிச்சா மாட்டுக் கண்ணு பளபளன்னு மின்னும். ஆடு, நாய், பூனை, நரி, மான் எல்லாத்துக்கும் மின்னும். அதுகளோட கண்ணுக்குள்ள பின்பக்கம் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இருக்கு. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்பும். பன்னிக்கு அந்தப் படலம் கிடையாது. எப்பவாவது மங்கலா ஒரு சிவப்புத் தெரிஞ்சாலும், மாடு மாதிரி மின்னாது. அதனால பழைய ஷூட்டர்கள் கண்ணு மின்னினா சுட மாட்டாங்க, பன்னி இல்லைன்னு தெரிஞ்சுக்குவாங்க. நல்ல வழிதான். ஆனா அந்தப் படலம் இல்லாத இன்னொரு பிறவியும் நம்ம காட்டுல ராத்திரி நடமாடுது. மனுசன்.

போன மாசியில நடந்ததைச் சொல்றேன். எங்க தோட்டத்துக்குத் தெற்கால இருக்கிற கடலைக்காட்டுல ரெண்டு நாளாப் பன்னி இறங்கியிருந்தது. உத்தரவு வாங்கி, ஷூட்டர் அண்ணனும் அவர் கூட ஒரு இளம் ஷூட்டரும் வந்தாங்க. அந்தத் தம்பி புதுசாப் பச்சை லேசர் மாட்டியிருந்தார். நல்ல பையன், ஆர்வமானவர். சுத்துப்பட்டுத் தோட்டக்காரங்க எல்லாருக்கும் போன்ல தகவல் போயிருந்தது. மணி ரெண்டு இருக்கும். நல்ல பனி. வாய்க்கால் ஓரமா நாங்க மூணு பேரும் மெதுவா நடந்து போறோம். நாற்பது அடி முன்னால, மடைக்குப் பக்கத்துல, கறுப்பா ஒரு உருவம். பன்னி உயரம், பன்னி அகலம். கொஞ்சம் அசையுது, அப்புறம் நிக்குது.

தம்பி துப்பாக்கியைத் தூக்கினார். பச்சைப் புள்ளி அந்த உருவத்தோட நடுமுதுகுல போய் நின்னுது. ஆடக்கூட இல்ல. "அண்ணா, புள்ளி விழுந்துருச்சு"ன்னு முணுமுணுத்தார்.

அண்ணன் அவர் குழலைக் கையால பிடிச்சு மேல தூக்கிட்டு என்கிட்ட, "லைட்டு"ன்னார். அடிச்சேன். கறுப்பு மேடு மாதிரி தெரியுது. கண்ணு எதுவும் மின்னலை. தம்பி, "கண்ணு மின்னலைங்ணா, பன்னியேதான்"னார். அண்ணன், "மின்னலைன்னா பன்னியாவும் இருக்கலாம், ஆளாவும் இருக்கலாம். காலைப் பாரு"ன்னார். கால் தெரியல, வரப்பு மறைக்குது. உடனே அவர் சத்தமா, "ஆரது?"ன்னு குரல் விட்டார்.

அந்தக் கறுப்பு மேடு எந்திரிச்சு நின்னுது. கையில மம்பட்டி. பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா. அன்னைக்கு ராத்திரி அவங்களுக்குத் தண்ணி முறை. மடையைத் திருப்பி விட்டுட்டு, தண்ணி கடைசிப் பாத்திக்கு ஏறுற வரைக்கும் பனிக்குக் கொங்காடையைப் போர்த்திக்கிட்டுக் குத்த வச்சு உட்கார்ந்திருக்கார். நாங்க அனுப்பின தகவல் அவர் மகனோட போனுக்குப் போயிருக்கு, மகன் கோயமுத்தூர்ல. பெரியப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், நாங்க வந்த சத்தமும் கேட்கல.

"ஏப்பா, பன்னி ஏதும் கெடைச்சுதா?"ன்னு எங்களைக் கேட்டார். முதுகுல புள்ளி நின்னது அவருக்குத் தெரியாது. நாங்க சொல்லவும் இல்ல. "இல்லீங் பெரியப்பா, நீங்க தண்ணியைப் பாருங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டோம். வரப்புத் தாண்டினதும் தம்பி துப்பாக்கியை மடக்கித் தோட்டாவை வெளிய எடுத்தார். எடுக்கறப்ப கை நடுங்கி ஒரு தோட்டா கீழ விழுந்துருச்சு. அதை இருட்டுலயே தேடி எடுத்தோம். அன்னைக்கு அதுக்கப்புறம் யாரும் சுடப் போகல.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோபம் கிடையாது. லேசர் சொல்றதை அவர் நம்பினார், லேசர் பொய்யும் சொல்லல. துப்பாக்கி எங்க பார்க்குதுன்னு அது சரியாத்தான் காட்டிச்சு. அதுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். அங்க நிக்கிறது பன்னியா, பெரியப்பாவா, அவருக்குப் பின்னால யாராவது இருக்காங்களான்னு புள்ளிக்குத் தெரியாது. பிரச்சினை என்னன்னா, புள்ளி அவ்வளவு தெளிவா விழுந்ததும், பார்க்க வேண்டியதை எல்லாம் பார்த்து முடிச்ச மாதிரி ஒரு நினைப்பு வந்துருது. மணியை வச்சுத் தடுமாறிக் குறி பார்க்கிறவனுக்குச் சந்தேகம் இருந்துக்கிட்டே இருக்கும். அந்தச் சந்தேகம்தான் அவனை ரெண்டாவது தடவை பார்க்க வைக்குது. லேசர் அதைத் துடைச்சு எடுத்துருது.

மாசிக்கு அப்புறம் நாங்க எல்லாரும் உட்கார்ந்து பேசி சில வழக்கம் வச்சிருக்கோம். உங்க ஊர்லயும் சுட ஆள் வர்றாங்கன்னா, இதுல எது ஒத்து வருதோ எடுத்துக்குங்க.

சுடப் போற அன்னைக்குச் சாயங்காலமே ஒரு ஆள் நேர்ல சுத்துப்பட்டு வீடுகளுக்குப் போய்ச் சொல்லணும். போன்ல சொன்னது கணக்குல சேராது. அன்னைக்கு யாருக்குத் தண்ணி முறை, யார் காவலுக்குப் படுக்கறாங்க, யாரோட மாடு வெளிய கட்டியிருக்குன்னு கேட்டு எழுதிக்கணும். தண்ணி முறை இருக்கிற பக்கம் அன்னைக்குத் துப்பாக்கி போகக் கூடாது. வேற நாள் பார்த்துக்கலாம். கள்ளு இறக்கறவங்க காலையில தோப்புக்கு வர்ற நேரத்துக்கு ரொம்ப முன்னாலயே, மூணரை மணிக்கெல்லாம் எல்லாம் முடிஞ்சு தோட்டாவை வெளிய எடுத்திரணும். கள்ளுக்காரர் தலையில ஹெட்லைட் இருக்கும்தான், ஆனா மரத்தடியில குனிஞ்சு கத்தி தீட்டறப்ப வெளிச்சம் மறைஞ்சிரும்.

ராத்திரி தண்ணி கட்டப் போறவங்க வெள்ளைத் துண்டு ஒண்ணு தோள்ல போட்டுக்கணும்னும், மடைக்கிட்ட ஒரு சின்ன விளக்கைக் குச்சியில மாட்டி வைக்கணும்னும் சொன்னோம். பெரியப்பா முதல்ல சிரிச்சார். இப்ப அவர் கொங்காடை மேலயே சைக்கிள் பின்னால ஒட்டற பளபளப்பு ஸ்டிக்கரை மருமகள் தைச்சுக் குடுத்திருக்கு. டார்ச் பட்டா மாட்டுக் கண்ணை விட நல்லா மின்னுது.

காட்டுக்குள்ள வெளிச்சம் முதல்ல, லேசர் அப்புறம். டார்ச் வெளிச்சத்துல நாலு கால், மூக்கு, வால், இதுல ரெண்டாவது தெரியணும். நின்ன இடத்துலயே இருக்கிற உருவத்தைச் சுடக் கூடாது, அது ரெண்டு எட்டு நடக்கிற வரைக்கும் காத்திருக்கணும். பன்னிக்குப் பின்னால மண்மேடோ வரப்போ இருக்கணும். வெறும் வெளியோ, வீட்டுப் பக்கமோ, ரோடோ இருந்தா விட்டுரணும். இதெல்லாம் உறுதியானதும்தான் லேசர் பொத்தானை அழுத்தணும். டார்ச்சைத் துப்பாக்கியிலயே மாட்டியிருந்தாலும், தேடறதுக்கு வேற டார்ச்தான். இல்லாட்டி தேடற இடத்தை எல்லாம் துப்பாக்கியும் பார்த்துட்டே போகும். சந்தேகம் வந்தா அண்ணன் மாதிரி குரல் விட்டுரணும். பன்னியா இருந்தா ஓடிரும், நாளைக்கு வரும். அதுக்கு மேல நஷ்டம் இல்ல.

இப்படி எல்லாம் பார்த்தா எத்தனை பன்னி கிடைக்கும்னு கேட்பீங்க. குறைச்சல்தான். மாசிக்கு அப்புறம் வந்த ஏழு ராத்திரியில ரெண்டு பன்னி. அந்தத் தம்பி இப்பவும் வர்றார், லேசரையும் கழட்டல. ஆனா முதல்ல பஞ்சாயத்து ரோட்டோரம் இருக்கிற பழைய மண்மேட்டுக்குப் போய், பகல் வெளிச்சத்துலயே ஒரு அட்டையில புள்ளி விழுற இடமும் குண்டு விழுற இடமும் ஒண்ணா இருக்கான்னு பார்த்துட்டுத்தான் வர்றார். கிளிப்புலயும் துப்பாக்கியிலயும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கார். கிளிப் நகர்ந்தா கோடு உடைஞ்சு தெரியும். ரெண்டு ரூபாய் செலவில்லாத வேலை. துப்பாக்கியில எதையாவது மாட்டறவங்க லைசன்ஸ் குடுத்த ஆபீஸ்ல முதல்ல கேட்டுக்கறதும் நல்லது. பின்னால எவனாவது மனு போட்டா அலையறது நாமதான்.

சுட்ட பன்னியைப் பார்க்கிறது எனக்கு இன்னமும் பழகலீங்க. கடலைச்செடி வாயில இருக்க விழுந்து கிடக்கும். அதுக்கும் வயித்துப்பாடுதான். குழி வெட்டறப்ப யாரும் பேசிக்க மாட்டோம். ஒரே வெடியில விழுந்திருந்தா மனசு கொஞ்சம் ஆறுது. அதுக்காகவாவது குறி சரியா இருக்கணும், லேசர் சரியா இருக்கணும்.

அதனால உங்க காட்டுக்கு ஆள் வந்தா லேசர் இருக்கான்னு கேளுங்க, தப்பில்ல. கூடவே இதையும் கேளுங்க. கடைசியா எப்ப அட்டையில சுட்டுப் பார்த்தீங்க? எவ்வளவு தூரத்துக்கு மேல சுட மாட்டீங்க? கண்ணு மின்னாத உருவம் அசையாம நின்னா என்ன செய்வீங்க? மூணாவது கேள்விக்கு "குரல் விடுவேன்"னு சொல்ற ஆளைக் கூட்டிட்டுப் போங்க. வேற எதாவது சொன்னா, ஒரு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சிருங்க. அன்னைக்கு ஒரு ராத்திரி கடலை போனா போகட்டும்.